ஆராய்ச்சியை எண்ணி மதிப்பிடும் குழுவினருக்கு ஒரு நூலகரின் திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஆசிரியர் தேர்வுக் குழு, பதவி உயர்வுக் குழு, ஆராய்ச்சிக் குழு ஆகியவற்றில் அமர்ந்து முடிவெடுக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

நான் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நேர்காணலுக்கு முன்னால் உங்கள் மேஜைக்கு ஒரு தாள் வருமே, விண்ணப்பதாரரின் மொத்த சைட்டேஷன் இத்தனை, எச்-இன்டெக்ஸ் இத்தனை, கட்டுரைகள் வந்த ஜர்னல்களின் இம்பாக்ட் ஃபேக்டர் இத்தனை என்று. சைட்டேஷன் என்பது ஒரு கட்டுரையை மற்ற கட்டுரைகள் தங்கள் மேற்கோள் பட்டியலில் சுட்டுவது. எச்-இன்டெக்ஸ் 10 என்றால், ஒருவருடைய 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது சுட்டப்பட்டிருக்கின்றன. இம்பாக்ட் ஃபேக்டர் ஒரு ஜர்னலின் சராசரி சைட்டேஷன். அந்தத் தாளைத் தயாரித்து அனுப்புவது என்னைப் போன்றவர்கள்தான். அந்த எண்கள் எதனால் கூடுகின்றன, எதனால் குறைகின்றன என்பதைத் தினமும் பார்க்கிறோம். நாங்கள் பார்ப்பதை நீங்களும் பார்த்தால், அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கவோ ஒதுக்கவோ உங்களுக்கு மனம் வராது என்று நம்புகிறேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சைட்டேஷனை எண்ணும் வேலை நூலகத்துக்காகத் தொடங்கியது. 1927-இல் அமெரிக்காவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த கிராஸ், கிராஸ் என்ற இருவர், ஒரு சிறிய கல்லூரி நூலகம் எந்தெந்த வேதியியல் ஜர்னல்களுக்குச் சந்தா கட்டலாம் என்று கண்டறிய முயன்றார்கள். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஜர்னலில் ஓர் ஆண்டு வந்த கட்டுரைகளை எடுத்து, அவை எந்த ஜர்னல்களைச் சுட்டுகின்றன என்று எண்ணினார்கள். எந்தக் கட்டுரையை யார் சுட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் வேண்டும் என்று அமெரிக்கத் தகவல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் சொன்ன யோசனை 1964-இல் சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸாக வந்தது. அதில் எந்த ஜர்னல்களைச் சேர்க்கலாம் என்று தேர்ந்தெடுக்க உதவிய கணக்குதான் இம்பாக்ட் ஃபேக்டர். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகப் பணிக்குப் புள்ளியியலைப் பயன்படுத்த வேண்டும் என்று 1948-இல் முன்மொழிந்து, அதை லைப்ரமெட்ரி என்று அழைத்தார். எதை வாங்குவது, எதை எங்கே வைப்பது, வாசகருக்கு எப்படி உதவுவது என்று தீர்மானிக்க எங்களுக்குக் கிடைத்த கருவிகள் இவை. ஒரு மனிதரின் உழைப்பை நிறுத்துப் பார்க்கும் தராசாக இவை எப்போது மாறினவோ, அப்போதிலிருந்துதான் சிக்கல்.

மாறியது எந்த அளவுக்கு என்பதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளைப் பார்த்தாலே போதும். ஒரு கட்டுரைக்கு அடிப்படை மதிப்பெண் உண்டு. அதற்கு மேல், இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத மதிப்பாய்வு ஜர்னல் என்றால் 5, ஒன்றுக்குக் கீழே என்றால் 10, பத்தைத் தாண்டினால் 30. கட்டுரைக்குள் என்ன இருக்கிறது என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது, ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை சைட்டேஷன் கிடைத்தது என்பது. நார்வேயைச் சேர்ந்த பெர் செக்லன் 1992-லேயே காட்டிவிட்டார்: அதிகம் சுட்டப்படும் 15 சதவீதக் கட்டுரைகளே மொத்த சைட்டேஷனில் பாதியை எடுத்துக்கொள்கின்றன, மேல்பாதிக் கட்டுரைகளுக்கு 90 சதவீதம் போய்விடுகிறது. அப்படியென்றால் பெரிய ஜர்னலில் வந்த ஒரு கட்டுரையை யாருமே சுட்டாமல் இருக்கலாம். சராசரியைக் காட்டி 30 மதிப்பெண் தருகிறோம்.

சரி, ஜர்னலின் எண் வேண்டாம், அந்தக் கட்டுரைக்கே கிடைத்த சைட்டேஷனைப் பார்ப்போம் என்று சிலர் சொல்கிறார்கள். அது கொஞ்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த எண்ணையும் தரத்துக்குச் சம்பந்தமில்லாத பல விஷயங்கள் ஏற்றி இறக்குகின்றன.

முதலில் துறை. உயிர்வேதியியல் கட்டுரையின் கடைசியில் உள்ள பட்டியல் நீளமானது; கணிதக் கட்டுரையின் பட்டியல் பெரும்பாலும் சிறியது. உயிரியலில் ஒரு முடிவு வந்த சில மாதங்களில் அடுத்தவர் அதைப் பயன்படுத்திவிடுவார். கணிதத்தில் ஒரு நிரூபணத்தைப் படித்து முடிக்கவே மாதங்கள் ஆகும். இந்த இரண்டு துறைகளிலிருந்தும் வந்தவர்களின் எச்-இன்டெக்ஸை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது எவ்வளவு தவறு என்பதை அந்தக் கணக்கைக் கண்டுபிடித்த இயற்பியலாளர் ஹிர்ஷே சொல்லிவிட்டார். 2005-இல் அதை முன்வைத்த கட்டுரையிலேயே, துறைக்குத் துறை இது வேறுபடும் என்று எச்சரித்திருக்கிறார். பல்கலைக்கழகம் முழுவதற்கும் ‘எச்-இன்டெக்ஸ் இவ்வளவு இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம்’ என்று ஒரே வரம்பு வைக்கும் அறிவிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கணிதத் துறையில் இருப்பவர்களின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அடுத்து, எந்த வகைக் கட்டுரை என்பது. ஏற்கெனவே வந்ததைத் தொகுத்துச் சொல்லும் ரிவியூ கட்டுரை, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லும் கட்டுரையைவிடப் பொதுவாக அதிகம் சுட்டப்படும். ஆய்வுமுறையைச் சொல்லும் கட்டுரைக்கு அதைவிட யோகம். உலகிலேயே அதிகம் சுட்டப்பட்ட கட்டுரைகளில் முதலிடத்தில் சொல்லப்படுவது, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்லும் 1951-ஆம் ஆண்டு லௌரி கட்டுரை. அதற்கு மூன்று லட்சத்துக்கும் மேல் சைட்டேஷன். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், ஃபிஸ்குடன் சேர்ந்து 1925-இல் எழுதிய பாஸ்பரஸ் அளவீட்டுக் கட்டுரையும் அப்படித்தான் பல தலைமுறைகளாகச் சுட்டப்பட்டது. இவை மிகவும் பயனுள்ள வேலைகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் லௌரியின் கட்டுரை மூன்று லட்சம் வாங்கியதால் அது டிஎன்ஏ-யின் வடிவத்தைச் சொன்ன கட்டுரையைவிடப் பெரியது என்று உங்களில் யாரும் சொல்லமாட்டீர்கள். உலக அளவில் சொல்லத் தயங்குவதை, உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு உதவிப் பேராசிரியர்கள் விஷயத்தில் மட்டும் ஏன் தயங்காமல் சொல்கிறோம்?

இதற்கு நேர்மாறானதும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு மிக நன்றாகப் பரவிவிட்டால் அதன் மூலக் கட்டுரையைச் சுட்டுவதையே நிறுத்திவிடுவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியாக இருக்கிறதா என்று இந்த வரைபடத்தில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். பல கட்டுரைகளில் வரைபடத்தின் பெயர் இருக்கும், 1963 கட்டுரை பட்டியலில் இருக்காது. அந்த வரைபடத்தை வரைந்து தரும் மென்பொருளின் கட்டுரைதான் இருக்கும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதை எப்போதோ கவனித்து எழுதியிருக்கிறார். சென்னையில் பிறந்த ஒரு கருத்துக்கே இப்படி நடக்கும்போது, சைட்டேஷன் குறைந்தால் தாக்கமும் குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம், கண்ணில் படுவது. இதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு இருக்கிறது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வரும் சில கட்டுரைகளை நியூயார்க் டைம்ஸ் செய்தியாக்கும். அப்படிச் செய்தியானவை பிற்பாடு அதிகம் சுட்டப்படுகின்றன. அந்த நாளிதழ் நல்ல கட்டுரைகளைப் பார்த்து எடுக்கிறது, அதனால் கூடுகிறது என்று சொல்லலாம் அல்லவா? 1978-இல் அந்த நாளிதழில் 12 வாரம் வேலைநிறுத்தம். அந்த வாரங்களிலும் ஆவணத்துக்காக ஒரு பதிப்பைத் தயாரித்து வைத்தார்கள்; மக்கள் கைக்கு அது போகவில்லை. 1991-இல் ஃபிலிப்ஸும் உடன் ஆய்வாளர்களும் இரண்டையும் ஒப்பிட்டார்கள். நாளிதழ் வெளிவந்த காலத்தில் செய்தியான கட்டுரைகளுக்கு முதல் ஆண்டில் கிட்டத்தட்ட 73 சதவீதம் கூடுதல் சைட்டேஷன். வேலைநிறுத்தக் காலத்தில் அதே நாளிதழ் தேர்ந்தெடுத்து எழுதியும் வாசகரைச் சேராத கட்டுரைகளுக்கு அந்தக் கூடுதல் இல்லை. தேர்ந்தெடுத்தது இரண்டு முறையும் அதே நாளிதழ்தான். செய்தி வெளியே போனதுதான் வித்தியாசம்.

இயற்பியல், கணிதம் போன்ற துறைகளின் ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைத் தாங்களே பதிவேற்றும் ஆர்க்சைவ் தளத்தில் இன்னும் சின்ன விஷயமே போதும். அன்றாடப் பட்டியலில் மேலே வரும் கட்டுரைகள் கீழே வருபவற்றைவிட அதிகம் சுட்டப்படுகின்றன என்று 2009-இல் ஹக்கும், அந்தத் தளத்தைத் தொடங்கிய கின்ஸ்பர்க்கும் காட்டினார்கள். நல்ல கட்டுரை எழுதியவர்கள் முந்திக்கொண்டு அனுப்புவது ஒரு காரணம் என்றாலும், இடத்தினால் மட்டுமே கிடைத்த ஆதாயமும் அதில் தெரிந்தது. அன்றைய கெடு முடிந்த நிமிடத்தில் அனுப்பினால் மறுநாள் பட்டியலில் மேலிடம் பிடிக்கலாம். அமெரிக்காவில் பிற்பகலில் முடியும் அந்தக் கெடு, இங்கே நள்ளிரவை ஒட்டி வருகிறது. கட்டுரை இலவசமாகக் கிடைப்பதால் சைட்டேஷன் கூடுமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 2008-இல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துச் சோதித்தபோது முதல் ஆண்டில் டவுன்லோடு கூடியது, சைட்டேஷன் கூடவில்லை.

ஒருமுறை கவனம் கிடைத்துவிட்டால் பிறகு அதுவே மேலும் கவனத்தைச் சேர்க்கும். ஏற்கெனவே பேர் பெற்றவருக்கே மேலும் பேர் போய்ச் சேருவதைப் பற்றி மெர்ட்டன் 1968-இல் எழுதினார். ஹாரியட் ஸக்கர்மன் நோபல் அறிஞர்களிடம் எடுத்த பேட்டிகள்தான் அதற்கு அடிப்படை. டெரெக் டி சோல்லா ப்ரைஸ் 1976-இல் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். இது எப்படி நடக்கிறது என்பது எங்கள் கண் முன்னாலேயே தெரியும். ஒரு கட்டுரையின் பக்க எண்ணை யாரோ ஒருவர் தவறாக அடித்திருப்பார். அதே தவறு அடுத்த கட்டுரையில், அதற்கடுத்த கட்டுரையில் என்று போய்க்கொண்டே இருக்கும். மூலத்தைத் திறந்து பார்த்திருந்தால் அந்தத் தவறு நின்றிருக்கும். இந்தப் பிழைகளின் பரவலை வைத்தே சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003-இல் ஒரு மதிப்பீடு செய்தார்கள்: சுட்டுபவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள். இன்னும் வருத்தமான ஒன்று உண்டு. பட்டியலை எப்படி எழுதுவது என்று ஆசிரியர்களுக்குக் காட்டுவதற்காக எல்சவியர் பதிப்பகம் தன் வழிகாட்டியில் ஒரு கற்பனைக் கட்டுரையின் விவரத்தைப் போட்டிருந்தது. அப்படி ஒரு கட்டுரை எழுதப்படவே இல்லை. அதற்கும் வெப் ஆஃப் சயின்ஸ் என்ற சைட்டேஷன் தரவுத்தளத்தில் கிட்டத்தட்ட 400 சைட்டேஷன் சேர்ந்திருந்ததை ஆன்-வில் ஹார்சிங் 2017-இல் வெளிக்கொணர்ந்தார்.

படிக்காமல் சுட்டுவது வெறும் ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்காதீர்கள். 1980-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இருக்கும்போது ஓப்பியாய்டு எனும் அபின் வகை வலி மருந்து பெற்ற நோயாளிகளிடம் அடிமையாதல் அரிதாகவே இருந்தது என்றது அது. 2017-இல் கனடாவின் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது அதைச் சுட்டியவை 608. அவற்றில் 72 சதவீதம், இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அபூர்வம் என்பதற்கு ஆதாரமாக அதை எடுத்துக்கொண்டிருந்தன. அது மருத்துவமனைக்குள் இருந்தவர்களைப் பற்றியது என்பதை ஐந்தில் நான்கு கட்டுரைகள் குறிப்பிடவே இல்லை. வட அமெரிக்காவில் அந்த மருந்துகளால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது உங்களுக்குத் தெரியும். 608 என்ற எண் ஒரு விண்ணப்பத்தில் இருந்தால் நாம் எழுந்து நின்று கைகொடுப்போம்.

பெயரும் ஆளும் கூட எண்ணை மாற்றும். இது நம் ஊருக்கே உரிய பிரச்சினை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான். வெப் ஆஃப் சயின்ஸும் அதைப் போன்ற இன்னொரு தரவுத்தளமான ஸ்கோபஸும் எல்லோருக்கும் ஒரு குடும்பப் பெயர் இருக்கும் என்ற நினைப்பில் கட்டப்பட்டவை. கே. செல்வி என்பவர் ஒரு கட்டுரையில் செல்வி கே., இன்னொன்றில் கே. செல்வி, மூன்றாவதில் ஜர்னல் வற்புறுத்தியதால் முதலெழுத்தை விரித்து செல்வி கண்ணன் என்று வருவார். தரவுத்தளத்துக்கு இவர் மூன்று பேர். திருமணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிக்கொண்டால் நான்கு பேர். சைட்டேஷன் நான்கு இடத்தில் சிதறும், எச்-இன்டெக்ஸ் சரியும். எதிர்ப்பக்கத்தில், எஸ். குமார் என்ற பெயரில் இருக்கும் பலருடைய கட்டுரைகள் ஒரே ஆளின் கணக்கில் குவிந்துவிடும். இதைச் சரிசெய்யத்தான் ஒவ்வொரு ஆய்வாளரையும் தனியாக அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் வாங்குங்கள், பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள் என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பழைய கட்டுரைகளை ஒன்று சேர்ப்பது பெரிய வேலை. பெரும்பாலான விண்ணப்பங்களில் அது நடப்பதில்லை.

பெண்களுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை. 54 லட்சம் கட்டுரைகளைப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், முதல் ஆசிரியராகவோ கடைசி ஆசிரியராகவோ பெண் இருக்கும் கட்டுரைகள் குறைவாகவே சுட்டப்பட்டது தெரிந்தது. ஜேஸ்டோர் என்ற இணையக் கட்டுரைக் காப்பகத்தில் உள்ள 15 லட்சம் கட்டுரைகளைப் பார்த்த இன்னொரு ஆய்வில், ஆண்கள் பெண்களைவிட 56 சதவீதம் அதிகமாகத் தங்களையே சுட்டிக்கொண்டிருந்தார்கள். தன் முந்தைய வேலையைச் சுட்டுவது தவறு கிடையாது. தொடர்ந்து ஒரே பிரச்சினையில் உழைப்பவர் வேறு என்ன செய்வார்? ஆனால் அதைப் பிரித்துக் காட்டாமல் மொத்தத்தை மட்டும் பார்க்கும்போது ஒரு பக்கம் ஏறுகிறது. கூட்டாளிகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்த 2015-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதில் ஒவ்வொருவர் கணக்கிலும் அதன் முழு சைட்டேஷனும் சேரும்.

மொழியையும் ஊரையும் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழில் எழுதப்படும் ஆய்வு, எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், பெரிய தரவுத்தளங்களின் கணக்கில் பெரும்பாலும் வருவதே இல்லை. அதைச் சுட்டும் இன்னொரு தமிழ் நூலும் கணக்கில் வராது. ஒரு கல்வெட்டை நேரில் போய்ப் படித்து, படியெடுத்து, பழைய பாடத்தில் இருந்த பிழையைத் திருத்தும் ஒருவரின் பெயருக்கு நேராக நான் பூஜ்யம் என்று எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஐராவதம் மகாதேவன் 1960-களில் தொடங்கிய தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஆய்வு முழு நூலாக வந்தது 2003-இல். அந்த உழைப்பை இம்பாக்ட் ஃபேக்டரின் இரண்டு ஆண்டுச் சாளரத்துக்குள் எப்படி அடைப்பது? தமிழ்த்துறைக்கு மட்டும் இது பொருந்தும் என்று எண்ண வேண்டாம். ஒரு மாவட்டத்தின் நிலத்தடி நீரை ஆராய்பவர், ஒரு கடற்கரையின் மீன்வளத்தைப் பதிவுசெய்பவர், இவர்களுடைய வேலையைப் படிக்க வேண்டியவர்கள் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஜர்னலில் எழுதுபவர்கள் இல்லை.

இந்த எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு கொடுத்ததன் விளைவையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மத்திய அரசு வெளியிடும் பல்கலைக்கழகங்களுக்கான என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையில் ஆராய்ச்சிக்கு 30 சதவீத எடை, அதற்குள் சைட்டேஷனுக்கு ஒரு பெரும் பங்கு. அதனால் நிர்வாகம் ஆசிரியரை நெருக்குகிறது, ஆசிரியர் மாணவரை நெருக்குகிறார். ‘எங்கள் ஜர்னலின் கட்டுரைகளைச் சுட்டுங்கள்’ என்று ஜர்னல்கள் கொடுக்கும் அழுத்தத்தைச் சந்தித்ததாக, 2012-இல் வில்ஹைட், ஃபாங் நடத்திய ஆய்வில் ஐந்தில் ஒருவர் சொன்னார். ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்று கல்லூரி வாசலில் பேனர் வைக்கிறார்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்த ஐயோனிடிஸ் குழு, சுயசைட்டேஷனைச் சேர்த்தும் நீக்கியும் தனித்தனியாகக் கணக்குக் கொடுத்திருக்கிறது, உட்துறை வாரியாகவும் பிரித்திருக்கிறது. அந்தக் கவனம் எதுவும் பேனருக்கு வருவதில்லை. என்னிடம் வரும் முனைவர் பட்ட மாணவர்கள் ‘இந்தப் பிரச்சினையை எப்படி ஆராய்வது’ என்று கேட்பது குறைந்து, ‘சைட்டேஷனை எப்படி ஏற்றுவது’ என்று கேட்பது கூடியிருக்கிறது. இது அந்தப் பிள்ளைகளின் குற்றம் இல்லை. நீங்கள் கேட்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

எண்களைத் தூக்கி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. பரிந்துரைக் கடிதத்தையும் அறிமுகத்தையும் மட்டும் நம்பி ஆள் எடுத்த காலத்துக்குத் திரும்பிப் போக எனக்கும் விருப்பம் இல்லை. பின்புலம் இல்லாத ஒரு கிராமத்து ஆய்வாளருக்கு ஓர் எண்ணாவது கை கொடுத்த நேரங்கள் உண்டு. நான் கேட்பது, எண்ணை அதற்குரிய இடத்தில் வையுங்கள் என்பதுதான். ஆராய்ச்சியை எப்படி மதிப்பிடுவது என்பது பற்றி 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனமும் 2015-இல் வந்த லைடன் அறிக்கையும் இதைத்தான் சொல்கின்றன. உள்ளூருக்குப் பயன்படும் சிறந்த ஆய்வைக் காப்பாற்ற வேண்டும் என்பது லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் ஒன்று. உங்கள் பல்கலைக்கழகம் டோராவில் கையெழுத்திடலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதை நாங்கள் செய்கிறோம். ஒரு கட்டுரையை அதே துறையில் அதே ஆண்டில் வந்தவற்றோடு மட்டும் ஒப்பிட்டுத் தர முடியும். சுயசைட்டேஷனைத் தனியாக, ரிவியூக்களைத் தனியாக, நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதியவற்றைத் தனியாகக் காட்ட முடியும். பெயர் சிதறியிருந்தால் சேர்த்துத் தர முடியும். தரவுத்தளத்தில் இல்லாத தமிழ் நூலுக்குப் பூஜ்யம் போடாமல், கணக்கில் வராதது என்று எழுதித் தர முடியும். இவற்றை நீங்கள் கேட்டால் போதும்.

உங்கள் பக்கத்தில் கேட்பது வாசிப்பு. விண்ணப்பதாரர் தன் மிகச் சிறந்த வேலை என்று நினைக்கும் மூன்றைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். கட்டுரை, நூல், பதிப்பு, எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் தன் பங்கு என்ன, அதனால் என்ன தெரியவந்தது என்று ஒரு பக்கம் எழுதட்டும். அந்தத் துறை தெரிந்த இருவர், வேலை தமிழில் இருந்தால் தமிழில் படிக்கக்கூடிய இருவர், நேர்காணலுக்கு முன்பே அவற்றைப் படித்துக் குறிப்பு எழுதித் தரட்டும். நேரம் இல்லை என்பீர்கள், தெரியும். ஆனால் ஒருவரை முப்பது ஆண்டு வேலைக்கு எடுக்கும் முடிவு இது. அடுத்த நேர்காணல் தேதிகளை முடிவு செய்யும்போது, வாசிப்பதற்கான நாட்களையும் சேர்த்தே அறிவியுங்கள். மூன்று வேலைகளின் முழுப் பிரதிகளையும் எடுத்து, உங்கள் கைக்கு முன்கூட்டியே கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை நூலகம் ஏற்றுக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு பல்கலைக்கழக நூலகர்